நீலக் கீற்று – 11: வெற்று வானத்தைக் கழித்தவர்கள்

இதுவரை…

இரவு வானின் ஒளியில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அண்டக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறப்பது என்று 1948இல் இயற்பியலாளர் பிளாக்கெட் கணக்குப் போட்டார். நான்கு வருடம் கழித்து இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த்தும் ஜெல்லியும் ஒரு குப்பைத் தொட்டிக்குள் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, அந்த ஒளியை மின்துடிப்பாகப் பிடித்துக் காட்டினார்கள். 1969இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஊட்டியில் தேடுவிளக்குக் கண்ணாடிகளை வானத்துக்குத் திருப்பினார்கள். பிறகு அதே குழு மத்தியப் பிரதேசத்தின் பச்மடிக்குப் போய்ச் சேர்ந்தது.

காற்றில் பிறக்கும் அந்த நீலக் கீற்று தெரிகிறது. அதை அனுப்பியது யார் என்பதுதான் தெரியவில்லை. சென்ற வாரம் அங்கேதான் நிறுத்தினோம்.

◆

நொடிக்குப் பதினான்கு

லடாக்கின் ஹன்லே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரம். சுற்றிலும் மரமில்லாத மலை. நிலவில்லாத இரவு.

சரஸ்வதி மலையின் அடிவாரச் சமவெளியில் ஏழு தொலைநோக்கிகள் நிற்கின்றன. ஆறு அறுகோணமாக, ஒன்று நடுவில். ஒன்றுக்கொன்று இடைவெளி 50 மீட்டர். ஒவ்வொன்றிலும் 0.9 மீட்டர் விட்டமுள்ள ஏழு கண்ணாடிகள், ஒவ்வொரு கண்ணாடியின் குவியத்திலும் ஓர் ஒளிப்பெருக்கிக் குழாய். இதுதான் ஹகர் அணி. பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனமும் மும்பையின் டாடா நிறுவனமும் சேர்ந்து கட்டியது.

ஏழில் குறைந்தது நான்கு தொலைநோக்கிகள் ஏறக்குறைய ஒரே கணத்தில் ஒளியை உணர்ந்தால், கணினி அதை ஒரு நிகழ்வாகப் பதிந்துகொள்ளும். தலைக்கு மேலே பார்க்கும்போது அப்படிப் பதிவாவது நொடிக்கு ஏறக்குறைய 14.

நிமிடத்துக்கு 840. மணிக்கு ஐம்பதாயிரம்.

தொலைநோக்கி பார்த்துக்கொண்டிருப்பது நண்டு நெபுலா என்று வைத்துக்கொள்வோம். 1054இல் வெடித்துச் சிதறிய விண்மீனின் மிச்சம் அது. இந்தத் தொலைநோக்கிகள் தேடும் உயர் ஆற்றல் காமா கதிர் வானத்தில் நிலையாக, பிரகாசமாக எரியும் பொருள்களில் முதலில் நிற்பதும் அதுதான். அந்த 840இல் அங்கிருந்து வந்த காமா கதிர்கள் எத்தனை?

கணினிப் பாவனைகள் தரும் விடை: ஆறு சொச்சம்.

மற்றவை எல்லாம் அண்டக் கதிர்கள். பெரும்பாலும் புரோட்டான்கள், அடுத்தபடியாக ஹீலியம் அணுக்கருக்கள். மின்னூட்டம் உள்ளவை என்பதால், நம் பால்வீதியின் காந்தப்புலம் அவற்றை வழியெல்லாம் வளைத்து வளைத்து அனுப்புகிறது. பூமிக்கு வரும்போது பிறந்த திசைக்கும் வந்து சேர்ந்த திசைக்கும் தொடர்பே இருக்காது. எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வரும். காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை. அது நேராக வரும். வந்த வழியே திரும்பிப் பார்த்தால் பிறந்த இடம் தெரியும்.

முகவரியோடு வருவது நிமிடத்துக்கு ஆறு. முகவரி தொலைந்தவை எண்ணூற்றுச் சொச்சம். இரண்டும் தரையில் விட்டுச் செல்வது அதே நீலக் கீற்றுதான்.

◆

மேலே என்ன நடக்கிறது?

இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மேலே நடக்கும் கதை வேறு வேறு. அந்த வேறுபாட்டில்தான் இந்தத் துறையின் மொத்த நம்பிக்கையும் தொங்குகிறது.

காமா கதிர் காற்றின் அணு ஒன்றின் அருகே வந்ததும் ஓர் எலக்ட்ரானாகவும் ஒரு பாசிட்ரானாகவும் பிரிகிறது. அவை மீண்டும் காமா கதிர்களை உமிழ்கின்றன. அந்தக் கதிர்கள் மறுபடி பிரிகின்றன. இந்தப் பொழிவு ஒல்லியானது, ஒழுங்கானது, வந்த பாதையை விட்டு அதிகம் விலகாதது. அதன் ஒளி தரையில் ஏறக்குறைய நூறு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆரத்தில் வட்டமாக, சீராக விழும்.

புரோட்டான் அணுக்கருவையே நேராக மோதுகிறது. பையான்கள் பல பக்கமும் தெறிக்கின்றன. மின்னூட்டமற்ற பையான்கள் உடனே காமா கதிர்களாகி ஆளுக்கொரு தனிப் பொழிவைத் தொடங்கும். மின்னூட்டமுள்ளவற்றில் பல மியூவான்களாகித் தரைவரை வந்துவிடும். பல சிறு பொழிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் தரையில் ஒளி திட்டுத்திட்டாக இருக்கும். எல்லாம் ஒரே நேரத்திலும் வராது. ஓரம் பிசிறடிக்கும்.

ஆக, வடிவத்தைப் பார்க்கலாம். அல்லது நேரத்தைப் பார்க்கலாம். அல்லது ஒளி விழுந்த பரப்பின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் 1980களில் பாதை பிரிந்தது.

◆

ஊட்டியின் வழி, அரிசோனாவின் வழி

ஊட்டிக் குழு முதலில் நம்பியது துடிப்பை. நண்டு நெபுலாவின் நடுவில் இருக்கும் துடிப்பு விண்மீன் 33 மில்லி நொடிக்கு ஒரு முறை சுழல்கிறது. அண்டக் கதிர்கள் தாறுமாறாக வரும். துடிப்பு விண்மீனின் காமா கதிர்கள் அந்தத் தாளத்தோடு வரும். பதிவான நிகழ்வுகளை எல்லாம் 33 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தாளம் உள்ளவை ஓரிடத்தில் குவியும். அருமையான யோசனை. வடிவம் பார்க்கத் தேவையில்லை, பெரிய கேமரா தேவையில்லை, துல்லியமான நேரம் மட்டும் போதும்.

பி. என். பட், பி. வி. ரமண மூர்த்தி, பி. வி. ஸ்ரீகண்டன், பி. ஆர். விஸ்வநாத் நால்வரும் 1986இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை இந்த வழியில் வந்ததுதான். நண்டுத் துடிப்பு விண்மீனிலிருந்து சில நிமிடங்களே நீடித்த ஒரு காமா வெடிப்பைப் பற்றியது அது.

ஆனால் துடிக்காத பொருளை என்ன செய்வது? துடிப்பும் ஒருநாள் தெரிந்து மறுநாள் தெரியாமல் போனால்?

அந்தப் பத்தாண்டில் உலகம் முழுக்க இதே சங்கடம்தான். சிக்னஸ் எக்ஸ்-3, ஹெர்குலிஸ் எக்ஸ்-1 என்று ஒவ்வொரு விண்பொருளிலிருந்தும் காமா கதிர்களைக் கண்டதாக அறிவிப்புகள் வந்தன. ஒரு குழு கண்டதை இன்னொரு குழுவால் காண முடியவில்லை. துறைக்கு வெளியே இருந்தவர்கள் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆயிரத்தில் சிலவற்றைத் தேடும்போது, இயல்பான ஏற்ற இறக்கமே கண்டுபிடிப்புபோல வேடம் போடும்.

அரிசோனாவின் விப்பிள் ஆய்வகத்தில் டிரெவர் வீக்ஸ் வேறு வழியில் போனார். 10 மீட்டர் கண்ணாடியின் குவியத்தில் 37 ஒளிப்பெருக்கிக் குழாய்களை அடுக்கி, கீற்றைப் படமாகவே பிடித்தார். மைக்கேல் ஹில்லாஸ் 1985இல் ஒரு வரையறை தந்திருந்தார்: காமா கதிரின் படம் ஒல்லியான நீள்வட்டம், அதன் நீள அச்சு மூலப்பொருளை நோக்கியே நிற்கும். புரோட்டானின் படம் அகலமானது, எந்தப் பக்கமும் சாய்ந்து கிடக்கும். இந்த அளவுகோலை வைத்து அகலமானவற்றைத் தூக்கி எறிந்தார்கள்.

1989இல் முடிவு வெளியானது. நண்டு நெபுலாவிலிருந்து 0.7 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட காமா கதிர்கள், சந்தேகத்துக்கு இடமில்லாத 9 சிக்மா உறுதியோடு.

ஊட்டியிலும் பச்மடியிலும் இருந்தவர்கள் இதைப் படித்தார்கள். அவர்கள் கையில் 10 மீட்டர் கண்ணாடி இல்லை. பல குழாய்கள் கொண்ட கேமராவும் இல்லை. இருந்ததெல்லாம் சிறு கண்ணாடிகள், இருபது வருட அனுபவம், நானோ நொடிகளை அளக்கத் தெரிந்த மின்னணுவியல்.

◆

படமா, நேரமா?

இந்தியாவில் இரு வழியும் பிடித்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் ராஜஸ்தானின் அபு மலையில் டாக்டிக் என்ற படம்பிடிக்கும் தொலைநோக்கியை அமைத்தார்கள். மார்க்கேரியன் 501 என்ற விண்மீன் மண்டலம் 1997இல் கொந்தளித்தபோது டாக்டிக் அதைப் பிடித்தது. அந்தக் கதைக்குத் தனிப் பகுதி வரும்.

டாடா குழு நேரத்தையே பிடித்துக்கொண்டது. பச்மடியில் சிறு கண்ணாடிகளை ஏழேழாகச் சேர்த்து ஒரு தொலைநோக்கி என வைத்து, இருபத்தைந்து தொலைநோக்கிகள் கொண்ட அணியைத் திட்டமிட்டார்கள். ஒரு பெரிய கண்ணாடி ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கும். சிறு கண்ணாடிகள் பல இடங்களில் நின்று, ஒளி எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று தனித்தனியே சொல்லும்.

அதை வைத்து காமாவையும் புரோட்டானையும் பிரிக்க முடியுமா? வர்ஷா சிட்னிஸும் பி. என். பட்டும் கணினிப் பாவனையில் ஆயிரக்கணக்கான பொய்ப் பொழிவுகளை உருவாக்கிப் பார்த்தார்கள். ஒளித்துடிப்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறது, எவ்வளவு மெதுவாக இறங்குகிறது, ஒளிமுகப்பின் வளைவு என்ன, பக்கத்துப் பக்கத்துக் கண்ணாடிகளுக்குள்ளேயே ஒளியின் அளவு எவ்வளவு மாறுகிறது என்று ஒவ்வொன்றையும் அளந்தார்கள். நேரத்தை வைத்துப் பிரிக்கும் வாய்ப்பைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 2001இல் வந்தது. முடியும் என்றது கணக்கு. ஒரே அளவுகோலில் முடியாது, பலவற்றைச் சேர்த்தால் முடியும்.

வசதியில்லாததால் எடுத்த முடிவு என்று இதைச் சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. கையில் இருக்கும் கருவிக்கு எந்தக் கேள்வியைக் கேட்டால் பதில் வரும் என்று கண்டுபிடிப்பது அறிவியலில் பாதி வேலை. அதை அவர்கள் செய்தார்கள்.

◆

ஒரு பாகைக்கு மூன்று நானோ நொடி

நேரத்தை வைத்துத் திசையைக் கண்டுபிடிப்பது எப்படி? பெங்களூரில் எங்கள் ஆஸ்டின் டவுன் மைதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மே மாதச் சாயங்காலம், ஏழு பையன்கள் மைதானத்தில் ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள். விவேக் நகர்ப் பக்கமிருந்து மழை திரையாக நகர்ந்து வருகிறது. முதல் சொட்டு விழுந்ததும் கத்த வேண்டும் என்பது பேச்சு. அந்தப் பக்கம் நிற்பவன் முதலில் கத்துவான், நடுவில் இருப்பவன் அடுத்து, எதிர்மூலைக்காரன் கடைசியில். கண்ணை மூடிக்கொண்டு குரல்களின் வரிசையை மட்டும் கேட்டாலே மழை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். மழை நேர் மேலிருந்து ஒரே சமயத்தில் இறங்கினால் ஏழு குரலும் சேர்ந்து எழும். திரை கிழிந்து கிழிந்து வந்தால் வரிசை குழம்பும்.

ஒளிமுகப்பும் அப்படித்தான் தரையைத் தொடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் போகும். 50 மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரு தொலைநோக்கிகளின் மேல் ஒளிமுகப்பு ஒரே ஒரு பாகை சாய்ந்து விழுந்தால், ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள பாதை வித்தியாசம் 87 சென்டிமீட்டர். நேரத்தில் ஏறக்குறைய 3 நானோ நொடி. அதை அளந்துவிட்டால் திசை கைக்கு வந்துவிடும்.

நண்டு நெபுலாவின் திசையிலிருந்து அதிகம் விலகியவற்றைத் தள்ளிவிடலாம். ஏழு நேரங்களும் சீரான ஒரு முகப்பில் பொருந்தாதவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கலாம்.

ஆனால் ஒரு தொல்லை. ஒவ்வொரு தொலைநோக்கியிலிருந்தும் கட்டுப்பாட்டு அறைக்கு 85 மீட்டர் கேபிள் வருகிறது. கேபிளுக்குக் கேபிள், குழாய்க்குக் குழாய் சில நானோ நொடிகள் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் தெரியாவிட்டால் திசையே பொய்யாகிவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. எல்லாத் தொலைநோக்கிகளையும் வானத்தில் ஒரே திசையில் நிறுத்திவிட்டு, அண்டக் கதிர்களைப் பதிவு செய்தார்கள். அவை எல்லாப் பக்கமும் சமமாக வருபவை அல்லவா? ஆயிரக்கணக்கில் சேர்த்தால் அவற்றின் சராசரித் திசை, தொலைநோக்கி பார்க்கும் திசையாகவே இருந்தாக வேண்டும். அப்படி இல்லாமல் சராசரி எவ்வளவு விலகுகிறதோ, அதுதான் கேபிளும் குழாயும் செய்யும் பிழை.

விரட்ட நினைத்த அண்டக் கதிர்களையே கொண்டு கருவியைத் திருத்தினார்கள்.

◆

கோரமங்கலாவிலிருந்து ஹன்லே

பச்மடி 1,075 மீட்டர் உயரம்தான். அங்கே சிறு கண்ணாடிகளால் ஆற்றல் மிகுந்த காமா கதிர்களை மட்டுமே பிடிக்க முடிந்தது. ஆற்றல் குறைந்தவை எண்ணிக்கையில் மிக அதிகம். அவற்றைப் பிடிக்க இரண்டு வழி உண்டு: கண்ணாடியைப் பெரிதாக்கலாம், அல்லது மலை ஏறலாம்.

உயரத்தில் பொழிவு நமக்குப் பக்கத்தில் நடக்கிறது. ஒளி பரவிப் போவதற்குள் தரைக்கு வந்துவிடுகிறது. இடையில் உறிஞ்சும் காற்றும் குறைவு. ஹன்லேயின் உயரத்தில் பொழிவின் நடுப்பகுதியில் விழும் ஒளியின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைவிட நான்கைந்து மடங்கு. அதே சிறு கண்ணாடி அங்கே பெரிய கண்ணாடியின் வேலையைச் செய்யும்.

ஹன்லே ஏற்கெனவே பெங்களூருக்குப் பழக்கமான இடம். ஆஸ்டின் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளிக் கோரமங்கலாவில் இருக்கிறது இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம். கொடைக்கானலில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த மரபு, 1970களில் பெங்களூருக்கு வந்து சேர்ந்தது. அந்த நிறுவனம்தான் ஹன்லேயின் மலையுச்சியில் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை நிறுவி, பெங்களூருக்கு வெளியே ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் வழியே அதை இயக்கிக்கொண்டிருந்தது. சாலை இருந்தது. மின்சாரம் இருந்தது. குளிரில் வேலை செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள்.

ஊட்டியில் 1986 கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவரான விஸ்வநாத் இந்தக் காலகட்டத்தில் பெங்களூரில் ஹகர் அணியோடு இருந்தார். டாடா குழுவின் அனுபவமும் கோரமங்கலாவின் மலையும் ஒன்றுசேர்ந்தது இப்படித்தான்.

முதல் தொலைநோக்கி 2005இல் நின்றது. ஏழும் 2008இல் வேலையைத் தொடங்கின. தலைக்கு மேலே பார்க்கும்போது ஆற்றல் வாசல், அதாவது பிடிக்கக்கூடிய ஆற்றலின் கீழெல்லை, ஏறக்குறைய 208 கிகா எலக்ட்ரான் வோல்ட். ஏழு தொலைநோக்கிகளின் கண்ணாடிப் பரப்பையும் மொத்தமாகக் கூட்டினாலும் ஏறக்குறைய 31 சதுர மீட்டர்தான் என்பதை நினைத்தால், மலையின் உதவி எவ்வளவு என்று புரியும்.

◆

17 மணி நேரம்

இப்போது கொஞ்சம் மெதுவாகப் போவோம். இந்தப் பகுதியின் மையம் இங்கேதான்.

நண்டு நெபுலா குளிர்காலத்து விருந்தாளி. ஹன்லேயில் அது உச்சிக்கு ஏறக்குறைய 11 பாகை தள்ளிக் கடந்து போகும், மிக நல்ல நிலை. ஆனால் குளிர்காலம் என்றால் ஹன்லேயில் பூஜ்யத்துக்கு இருபது பாகைக்கும் கீழே. நிலவு இருந்தால் பார்க்க முடியாது. மேகம் வந்தால் பார்க்க முடியாது.

இத்தனையும் கடந்து ஒரு மணி நேரம் நண்டைப் பார்க்கிறார்கள். அடுத்த ஒரு மணி நேரம் என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒன்றுமே இல்லாத வானத்தைப் பார்க்கிறார்கள்.

நண்டுக்குக் கிழக்கிலோ மேற்கிலோ, அதே நடுவரை விலக்கத்தில், காமா கதிர் மூலம் எதுவும் இல்லாத ஒரு வானத் துண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நண்டு எந்த உயரத்திலிருந்து எந்த உயரம்வரை போனதோ, அதே பாதையில் இந்த வெற்று வானத்தையும் பின்தொடர்கிறார்கள். அதே காற்றின் தடிமன், அதே கோணங்கள். அண்டக் கதிர்கள் எங்கும் சமம் என்பதால் இரண்டிலும் அவற்றின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். நண்டு எண்ணிக்கையிலிருந்து வெற்று எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவது காமா.

எழுதும்போது எளிது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நிமிடத்துக்கு 840 என்றால் 17 மணி நேரத்தில் ஏறக்குறைய 8.5 லட்சம் நிகழ்வுகள். வெற்று வானத்திலும் அதே 8.5 லட்சம். நண்டிலிருந்து வந்தவை நிமிடத்துக்கு ஆறு சொச்சம், ஆக ஆறாயிரத்துச் சில நூறு. ஆனால் எந்த எண்ணிக்கையும் இயல்பாகவே தன் வர்க்கமூலத்தின் அளவுக்கு அசையும். இரண்டையும் சேர்த்து 17 லட்சம். அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1,300. கழித்து வரும் விடை எதுவாக இருந்தாலும், அது தானாகவே ஆயிரத்து முந்நூறு அளவுக்கு மேலும் கீழும் ஆடும்.

ஆறாயிரத்துச் சில நூறை 1,300ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.

ஐந்து சிக்மா. இயற்பியல் உலகம் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்ளும் எல்லைக்கோடு. நண்டு போன்ற ஒரு பொருளை, அண்டக் கதிர்களைத் தள்ள வேறு எந்த அளவுகோலும் இல்லாமலேயே, 17 மணி நேரத்தில் இந்த உறுதியோடு காணலாம் என்று 2013இல் வெளியான ஹகர் செயல்திறன் கட்டுரை சொன்னது.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். நேரத்தை ஒரு மணியாகக் குறைத்தால் உறுதி 1.2 சிக்மாதான். அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நான்கு மடங்கு நேரம் பார்த்தால்தான் உறுதி இரு மடங்காகும். மாறாக, அண்டக் கதிர்களில் பாதியைத் தள்ளி, காமா எதையும் இழக்காமல் இருந்தால், தேவையான நேரமும் பாதியாகும். பிரித்தறியும் வித்தைக்கு ஏன் இவ்வளவு போராட்டம் என்பது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

கழித்தலிலும் கண்ணி உண்டு. நண்டுக்கு ஒரு பாகை சொச்சம் தள்ளி, மூன்றாம் ஒளிப்பொலிவுத் தரமுள்ள ஜீட்டா டாரி என்ற விண்மீன் இருக்கிறது. ஹகரின் பார்வைப்புலம் 3 பாகை. அதற்குள் அந்த விண்மீனும் வந்துவிடும். அதன் ஒளி குழாய்களில் கூடுதல் இரைச்சலை எழுப்பும். பொய்யான உடன்நிகழ்வுகள் கூடும். வெற்று வானத்தில் அப்படி ஒரு விண்மீன் இல்லையென்றால், கழித்து மிஞ்சியதில் ஒரு பகுதி வெறும் விண்மீன் வெளிச்சமாக இருக்கலாம். அதனால் இரு துண்டுகளின் பிரகாசத்தையும் ஒப்பிட்டு, பொருந்தாத பதிவுகளை ஒதுக்க வேண்டும். எல்லாத் தொலைநோக்கிகளும் உணர்ந்த பெரிய நிகழ்வுகளை மட்டும் வைத்தால் இந்த ஆபத்து குறையும், ஆனால் ஆற்றல் குறைந்த காமாக்களும் சேர்ந்து போய்விடும்.

ஒவ்வொரு முடிவிலும் இப்படி எதையோ கொடுத்து எதையோ வாங்க வேண்டியிருந்தது.

ஒன்றுமில்லாத வானத்தைப் பார்த்துக் கழிந்த அந்த மணி நேரங்களை எந்தக் கட்டுரையும் தலைப்பில் போடாது. ஆனால் சிக்னஸ் காலத்தில் சந்தேகத்துக்கு ஆளான ஒரு துறையை மீண்டும் நம்பகமாக்கியது அந்த மணி நேரங்கள்தான் என்று நான் நினைக்கிறேன். ஹன்லேயின் குளிரில் அதற்காக விழித்திருந்தவர்களுக்கு இந்தத் தொடர் கடமைப்பட்டிருக்கிறது.

◆

2010 பிப்ரவரி 17

இதற்குள் உலகம் எங்கோ போய்விட்டது. நமீபியாவில் ஹெஸ் அணியின் நான்கு 12 மீட்டர் தொலைநோக்கிகள் நண்டை ஒரு நிமிடத்துக்குள் கண்டுகொண்டன. ஒரே பொழிவை நான்கு கோணங்களில் படமெடுத்தால் புரோட்டான்கள் தப்புவது கடினம். 17 மணி நேரம் எங்கே, ஒரு நிமிடம் எங்கே?

அப்படியென்றால் ஹன்லே எதற்கு?

விடை வரைபடத்தில் இருக்கிறது. ஹெஸ் நமீபியாவில். அதுபோன்ற மற்ற அணிகளான மேஜிக் கேனரித் தீவில், வெரிட்டாஸ் அரிசோனாவில். ஹன்லே கிழக்குத் தீர்க்கரேகை 79 பாகையில். அரிசோனாவில் விடியும்போது இங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். சில மணி நேரங்களில் எழுந்து அடங்கும் கொந்தளிப்பு ஒன்று, மற்றவர்களுக்குப் பகலாக இருக்கும்போது வந்தால் யார் பார்ப்பது?

2010 பிப்ரவரியில் அப்படி ஒன்று வந்தது.

மார்க்கேரியன் 421. நாற்பது கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் விண்மீன் மண்டலம். அதன் மையத்துக் கருந்துளையிலிருந்து பாயும் தாரை ஏறக்குறைய நம்மை நோக்கியே நீள்கிறது. பிப்ரவரி நடுவில் அது கொந்தளித்தது. அரிசோனாவின் இரவில் வெரிட்டாஸ் பதிவு செய்த வெளிச்சம், ஒரு டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல், நண்டைப் போல 27 மடங்கு. ஹன்லேயின் இரவில் ஹகர் பார்த்தபோது நண்டைப் போல ஆறேழு மடங்கு.

நம் கணக்குக்குத் திரும்பி வந்து பாருங்கள். நிமிடத்துக்கு ஆறுக்குப் பதில் ஏறக்குறைய நாற்பது காமா கதிர்கள். 840 அப்படியே. ஒரு மணி நேரத்தில் காமா 2,400. கழித்தலின் ஆட்டம் முந்நூற்றுச் சொச்சம். தோராயமாக ஏழு சிக்மா, ஒரே மணி நேரத்தில். நண்டுக்கு 17 மணி நேரம் தேவைப்பட்ட அதே ஏழு தொலைநோக்கிகள், அதே சிறு கண்ணாடிகள்.

அமித் சுக்லா முதல் ஆசிரியராக, சிட்னிஸ், விஸ்வநாத் உள்ளிட்டோர் சேர்ந்து எழுதிய கட்டுரை 2012இல் அஸ்ட்ரானமி அண்ட் அஸ்ட்ரோபிசிக்ஸ் இதழில் வெளியானது. செயற்கைக்கோள்களின் எக்ஸ் கதிர் அளவுகளோடு ஹன்லேயின் காமா அளவுகளையும் பக்கத்தில் வைத்து, கொந்தளிப்பின் வெவ்வேறு நிலைகளை அவர்கள் ஆராய்ந்தார்கள்.

இரைச்சல் குறைந்ததால் வந்த வெற்றி அல்ல இது. அண்டக் கதிர்கள் எப்போதும்போல நிமிடத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் வந்துகொண்டுதான் இருந்தன. வானம் அன்று உரக்கப் பேசியது. கேட்க அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

◆

எந்த அளவுகோலிலும் சிக்காதது

மார்க்கேரியன் 421 அடங்கிவிடும். அடுத்த கொந்தளிப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. மங்கலான பொருள்களைப் பார்க்க வேண்டுமானால் அண்டக் கதிர்களைத் தள்ளியே ஆக வேண்டும். ஹகர் அருகிலேயே 21 மீட்டர் விட்டமுள்ள படம்பிடிக்கும் தொலைநோக்கி ஒன்றை எழுப்ப பாபா அணு ஆராய்ச்சி மையம் முனைந்தது. அதன் பெயர் மேஸ். கேமராவில் 1,088 குழாய்கள். ஹைதராபாத்தில் உருவான அந்த இரும்பு மலை 2024 அக்டோபர் 4 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. எது காமா, எது புரோட்டான் என்ற தீர்ப்பை, நூற்றுக்கணக்கான முடிவு மரங்களை வளர்த்து வாக்கெடுக்கும் கணினி நிரலிடம் விட்டார்கள்.

அகலமான படங்களை அது தள்ளிவிடும். பிசிறடித்தவற்றைத் தள்ளிவிடும். அச்சு கோணிக் கிடப்பவற்றையும் தள்ளிவிடும்.

ஆனால் அண்டக் கதிர்களில் ஒரு சிறு கூட்டம் புரோட்டானே அல்ல. அவை எலக்ட்ரான்கள். அவை காற்றில் தொடங்கும் பொழிவு, காமா கதிர் தொடங்கும் பொழிவைப் போலவே ஒல்லியானது, ஒழுங்கானது. படமும் அதே நீள்வட்டம், நேரமும் அதே சீரான முகப்பு. புரோட்டான்களிலும் சில, முதல் மோதலிலேயே ஆற்றல் முழுவதையும் ஏறக்குறைய ஒரே ஒரு மின்னூட்டமற்ற பையானிடம் கொடுத்துவிடும். அவையும் காமாவாகவே தெரியும்.

அளவுகோல் எத்தனை கூட்டினாலும் இவை உள்ளே வந்துவிடும். வடிவத்தாலும் நேரத்தாலும் பிரிக்க முடியாத ஒரு துகளை 1,088 குழாய்களும் ஒரு கணினியும் எந்த அடையாளத்தைக் கொண்டு அந்நியன் என்று சொல்லும்? அல்லது 21 மீட்டர் தொலைநோக்கிக்காரர்களும் கடைசியில் ஹகர் செய்ததுபோல வெற்று வானத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருந்ததா?

*(அடுத்த வாரம்)*